உடைப்பதற்கு எதற்குச் செலவு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாம் சாப்பிடும் புரதம் உடம்பில் எங்கே போகிறது என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. பெரிய ஆராய்ச்சியாளர்களையே 25 ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்த கேள்வி அது. அதை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மேடம், வயிற்றில் பெப்சின் என்ற நொதி புரதத்தை உடைக்கும்போது, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி செலவாவதில்லை. ஆனால் செல்லுக்குள் இருக்கும் புரதத்தை உடைக்க ஏடிபி வேண்டும் என்று எங்கள் மிஸ் சொன்னார். வீடு கட்டத்தான் செலவு ஆகும். இடிப்பதற்கு ஏன் இவ்வளவு செலவு?
– பிளஸ் டூ மாணவி, தேனி

இதே சந்தேகம் 1987இல் நான் எம்.எஸ்சி. படித்தபோது எனக்கும் வந்தது, கண்ணு. எங்களிடம் இருந்த பாடநூலில் பதில் இல்லை. பதில் அதற்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எங்கள் நூலகத்துக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

நீ சொல்வது சரிதான். இரண்டு அமினோ அமிலங்களைப் பிணைத்திருக்கும் பெப்டைடு பிணைப்பை அறுத்தால் சக்தி வெளியேதான் வரும், உள்ளே செலவாகாது. அதனால்தான் பெப்சின் சும்மா வெட்டித் தள்ளுகிறது. 1953இல் மெல்வின் சிம்ப்சன் என்பவர் எலியின் கல்லீரலை மெல்லிய துண்டுகளாக நறுக்கி வைத்து ஒரு சோதனை செய்தார். அந்தத் துண்டுகளுக்குச் சக்தி கிடைக்காமல் தடுத்ததும் உள்ளே புரதம் உடைவதும் குறைந்துபோனது. வேதியியல் கணக்குப்படி நடக்கக் கூடாத விஷயம் இது. உன் கேள்வி பிறந்தது அன்றைக்குத்தான்.

அதற்கு முன்பு, நம் உடம்பு தன் புரதத்தைத் தானே உடைக்கிறது என்பதையே பலர் நம்பவில்லை. கட்டிய வீட்டில் சுவர் அப்படியே இருக்கும், தினமும் சோறு மட்டும் வந்து போகும் என்பது போல நினைத்திருந்தார்கள். ஜெர்மனியை விட்டு 1933இல் நியூயார்க் வந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், எடை கூடிய நைட்ரஜன் சேர்த்த அமினோ அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலியின் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அந்த நைட்ரஜனில் ஏறத்தாழ பாதி சிறுநீரில் வராமல் எலியின் தசையிலும் கல்லீரலிலும் போய் உட்கார்ந்திருந்தது. பழைய செங்கல் வெளியே போய்ப் புதுச் செங்கல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வளர்ந்த மனித உடம்பில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதம் இப்படி உடைந்து மறுபடி கட்டப்படுகிறது. நாம் சாப்பிடுவது அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மீதியெல்லாம் பழைய புரதத்தை உடைத்துக் கிடைத்த அமினோ அமிலம்தான்.

சரி, செலவுக்கு வருகிறேன். 1955இல் கிறிஸ்டியன் டி டூவ் லைசோசோமைக் கண்டுபிடித்தார். உடைக்கும் நொதிகளை அடைத்து வைத்த பை அது. எல்லாப் புரதமும் அதற்குள் போய்த்தான் உடைகிறது, பைக்குள் அமிலத்தன்மையைக் காக்கத்தான் சக்தி செலவாகிறது என்று பலரும் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 120 நாள் இருக்கிறது. ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியோ, சில செல்களில் கால் மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. கிடைத்ததை அள்ளி விழுங்குகிற ஒரு பைக்கு ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று எப்படித் தெரியும்?

விடை முயலின் ரத்தத்திலிருந்து வந்தது. முழுதாக முதிராத சிவப்பணுவில் லைசோசோம் கிடையாது. ஆனாலும் அது கெட்டுப்போன புரதத்தை உடைக்கிறது, அதற்கு ஏடிபியும் கேட்கிறது. ஆல்ஃப்ரெட் கோல்ட்பெர்கும் ஜோசப் எட்லிங்கரும் 1977இல் இதைக் காட்டினார்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்து டெக்னியான் பல்கலைக்கழகத்தில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் செஹனோவரும் அதே சிவப்பணுவின் சாற்றை எடுத்து இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். தனித்தனியாக இரண்டும் வேலை செய்யவில்லை. சேர்த்தால் செய்தன. முதல் பாகத்தில் ஹீமோகுளோபின் நிறைய இருந்தது. அதற்குள் ஒளிந்திருக்கும் பொருளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் அதை அப்படியே கொதிக்க வைத்துவிட்டார்கள்!

புரதத்தைக் கொதிக்க வைத்தால் முட்டை மாதிரி உறைந்துவிடும் என்று உனக்குத் தெரியும். ஹீமோகுளோபின் சேறாக அடியில் தங்கியது. மேலே தெளிந்து நின்ற நீரில், தேடிய பொருள் பத்திரமாக வேலை செய்துகொண்டிருந்தது. 31 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் மாணவிகளோடு நின்றவள் நான்; இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அப்படிக் கொதித்தும் சாகாத சின்னப் புரதம்தான் யுபிகுவிட்டின். வெறும் 76 அமினோ அமிலம். 1975இலேயே வேறு ஒருவர் அதைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்திருந்தார், அதன் வேலைதான் தெரியாமல் இருந்தது. பிலடெல்பியாவில் இர்வின் ரோஸின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து உழைத்து, அந்தச் சின்னப் புரதம் அழிய வேண்டிய புரதத்தோடு போய் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது என்று 1980இல் காட்டினார்கள். ஒன்று இல்லை, பல. மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சாலையை அகலப்படுத்தும்போது புளியமரங்களில் பெயின்டால் குறி போடுவதை நீ பார்த்திருப்பாய். வெட்டுகிற ஆள் பின்னால் வருவான். அவன் எதுவும் யோசிக்க வேண்டியதில்லை, குறி இருந்தால் வெட்டுவான், இல்லாவிட்டால் தாண்டிப் போவான். முடிவெல்லாம் குறி போடுகிறவரிடம் இருக்கிறது. செல்லிலும் அதே ஏற்பாடுதான். யுபிகுவிட்டினை ஏடிபி கொடுத்துத் தயார் செய்யும் இ1 என்ற நொதி மனிதரில் 2 வகைதான். அதைக் கைமாற்றி வாங்கும் இ2 சுமார் 40 வகை. கடைசியில் ‘இந்தப் புரதத்தின் மேல் ஒட்டு’ என்று அடையாளம் காட்டும் இ3 மட்டும் 600 வகைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று சில புரதங்களைத்தான் தெரியும். எந்த வேலைக்கு அதிக ஆள் போட்டிருக்கிறது என்று பார்: அடையாளம் காண்பதற்கு!

குறி விழுந்த புரதத்தை உடைப்பது புரோட்டியாசோம். ஏழு ஏழு புரதத் துண்டுகளால் ஆன நான்கு வளையங்களை அடுக்கிய ஒரு பீப்பாய். கத்திகள் உள்பக்கம் இருக்கின்றன, வாசல் மூடியிருக்கும். வாசலில் நிற்கும் தொப்பி போன்ற பகுதி யுபிகுவிட்டின் சங்கிலியைப் பார்த்துப் பிடிக்கும். பிறகு சங்கிலியைக் கழற்றி அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டு, புரதத்தின் மடிப்பைப் பிரித்து நூல் மாதிரி உள்ளே தள்ளும். இப்படிப் பிரித்துத் தள்ளுவதற்கும் ஏடிபி வேண்டும்.

ஆக, வெட்டுவதற்குச் செலவே இல்லை, கண்ணு. எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுக்கவும், தேர்ந்தெடுத்ததை மட்டும் வாசலுக்குள் கொண்டுபோகவும்தான் செலவு. வயிற்றில் அந்தச் செலவு தேவையில்லை, அங்கே வருவதெல்லாம் சோறும் பருப்பும். செல்லுக்குள் ஒவ்வொன்றும் உயிர் காக்கும் பொருள்.

நீ அடுத்துக் கேட்கப் போவதும் எனக்குத் தெரியும்: கஷ்டப்பட்டுச் செய்த நல்ல புரதத்தை எதற்கு உடைக்க வேண்டும்? பி53 என்று ஒரு புரதம். டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்திப் புற்றுநோய் வராமல் காப்பது. சாதாரண நேரத்தில் செல் அதைச் செய்துகொண்டே இருக்கும், எம்டிஎம்2 என்ற இ3 அதற்குக் குறி போட்டுக்கொண்டே இருக்கும். 20 நிமிடத்தில் பாதி போய்விடும். வீண் வேலை மாதிரி தெரிகிறதா? மேலே குழாய் திறந்திருக்கிற தொட்டியை நினைத்துக்கொள், அடியிலும் ஓட்டை திறந்திருக்கிறது. தண்ணீர் நிற்காது. ஓட்டையை அடைத்த உடனே தொட்டி மளமளவென்று நிரம்பும். டிஎன்ஏ அடிபட்டதும் செல் செய்வது அதைத்தான். புதிதாக மரபணுவைப் படித்து, ஆர்என்ஏ எழுதி, புரதம் செய்ய நேரம் இல்லாத இடத்தில், அழிப்பதை நிறுத்தினாலே போதும்.

இந்த இடத்தில் உன் வயதுப் பெண்ணிடம் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ், நம் செல்லில் இருக்கும் இன்னொரு இ3ஐத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு பி53க்குக் குறி போட வைக்கிறது. காவல்காரனை நம் ஆளை வைத்தே கொல்கிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொள்வது சிறந்தது, உன் வயதிலும் போடலாம். அம்மாவை டாக்டரிடம் கேட்கச் சொல். வீட்டில் தங்கை இருந்தால் அவளையும் அழைத்துப் போ.

16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோஃபேஜி நடந்து உடம்பில் உள்ள கழிவெல்லாம் எரிந்துவிடும், இதற்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விருத்தாசலம்

பரிசு கொடுத்தது உண்மை. 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு. அவர் ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு, செல் தன் பாகங்களையே பையில் சுற்றி உடைப்பதைப் பார்த்து, அதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்தார். 16 மணி நேரம் என்ற கணக்கு அந்த ஆராய்ச்சியில் இல்லை. ஆட்டோஃபேஜி நமக்குள்ளும் எப்போதும் கொஞ்சம் நடந்துகொண்டேதான் இருக்கிறது, பசியில் கூடுகிறது. நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்காதீர்கள் ஐயா. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

நாற்றங்காலில் சில நாற்று மட்டும் மற்றதைவிட உயரமாக, ஒல்லியாக, வெளிறிப்போய் நிற்கிறது. நட்ட பிறகு பெரும்பாலும் காய்ந்துவிடுகிறது. யூரியா கூடிப்போனதா? பயிரைப் பற்றி உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.
– விவசாயி, மன்னார்குடி அருகில்

தாராளமாகக் கேட்கலாம் ஐயா. உங்கள் கடிதத்துக்கும் மேலே அந்தப் பெண் கேட்டதற்கும் உள்ள தொடர்பைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

யூரியா கூடினால் திட்டுத் திட்டாக நாற்று கரும்பச்சையாகும். நீங்கள் சொல்வது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிறி, மற்றதைவிட உயர்ந்து நின்றால், அது பெரும்பாலும் ஒரு பூசண நோய். ஜப்பானியர்கள் அதை ‘பகானே’ என்பார்கள், ‘முட்டாள் நாற்று’ என்று பொருள். அந்தப் பூசணத்தை வளர்த்து வடிகட்டிய நீரை ஊற்றினாலே நாற்று உயர்ந்து வளர்கிறது என்று எய்ச்சி குரோசவா 1926இல் காட்டினார். அதிலிருந்து கிடைத்த பொருளுக்குத்தான் பிறகு ஜிப்ரலின் என்று பெயர் வந்தது. செடி தானும் அளவாகச் செய்துகொள்ளும் ஹார்மோன் அது. பூசணம் அளவில்லாமல் ஊற்றுகிறது.

ஜிப்ரலின் வளர்ச்சியைத் தூண்டும் என்று பாடத்தில் எழுதியிருக்கும். உள்ளே நடப்பது வேறு. நெற்செடியில் டெல்லா என்று ஒரு வகைப் புரதம் இருக்கிறது, ‘போதும், நில்’ என்று வளர்ச்சியைப் பிடித்து வைப்பது அதுதான். ஜிப்ரலின் வந்தால் டெல்லாவின் மேல் யுபிகுவிட்டின் குறி விழும், புரோட்டியாசோம் அதை உடைத்துவிடும். பிடித்திருந்த கை போனதும் தண்டு நீள்கிறது. உங்கள் நாற்றங்காலில் உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு நாற்றிலும் டெல்லா உடைந்துகொண்டே இருக்கிறது.

இதையே திருப்பிப் போட்டதுதான் குட்டை ரகம். 1966இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. உங்கள் அப்பா காலத்தில் அதைப் பற்றிப் பேச்சு இருந்திருக்கும். பீட்டா என்ற உயர ரகத்தோடு டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை ரகத்தைக் கலப்பினம் செய்து எடுத்தது. அந்தக் குட்டை ரகத்தில் ஜிப்ரலின் செய்யும் ஒரு நொதி பழுது. ஹார்மோன் குறைவு, அதனால் டெல்லா உடையாமல் நிற்கிறது, பயிர் உயரவில்லை. உரம் போட்டாலும் கதிரின் பாரத்தில் சாய்வதில்லை. அதே காலத்துக் குட்டைக் கோதுமையில் வேறு வழி: அங்கே டெல்லாவின் ஒரு பகுதியே மாறிவிட்டது, ஹார்மோன் வந்தாலும் அதற்குக் குறி விழாது. ஒரு புரதம் உடையாமல் இருந்ததால் இத்தனை வயிறு நிறைந்தது. இந்தக் காரணம் கோதுமையில் 1999இலும் நெல்லில் 2002இலும்தான் வெளிவந்தது. பயிரிட்டவர்களுக்கும் ரகத்தை உருவாக்கியவர்களுக்கும் அன்றைக்கு இது தெரியாது.

இப்போது உங்கள் வயலுக்கு. இந்த நோய் விதை வழியாக வருகிறது. உயர்ந்து நிற்கும் நாற்றைப் பிடுங்கி வரப்பில் போடாமல் அழித்துவிடுங்கள், நடவுக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த வயலில் விளைவதை அடுத்த ஆண்டு விதைக்கு எடுக்காதீர்கள். விதை நேர்த்தி கட்டாயம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை நாற்றைக் கையில் எடுத்துப்போய் உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள்.

என் அம்மாவுக்கு (61) மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். வாரம் ஒருமுறை வயிற்றில் போர்டிசோமிப் ஊசி, கூடவே லெனலிடோமைடு கேப்ஸ்யூல். புரதம் உடைவதைத் தடுக்கிற ஊசி என்கிறார்கள். நோய்க்கு அது எப்படி மருந்தாகும்? என் தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அவள்தான் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாள்.
– வாசகி, ஈரோடு

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் தங்கை அந்தக் கேப்ஸ்யூலைத் தொட வேண்டாம். இன்றிலிருந்தே நீங்கள் எடுத்துக் கொடுங்கள், திறக்கவோ உடைக்கவோ கூடாது. ஒருவேளை அவர் கையில் கேப்ஸ்யூல் உடைந்து தூள் பட்டிருந்தால், உடனே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. லெனலிடோமைடு, தாலிடோமைடின் தங்கை மருந்து. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள். 1961இல் அதை ஜெர்மனியில் நிறுத்தினார்கள். காரணம் தெரிய 2010 வரை ஆனது: செரிப்ளான் என்ற புரதத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. மேலே சொன்னேனே, குறி போடும் இ3, அதன் ஒரு பாகம்தான் செரிப்ளான். மருந்து ஒட்டியதும் அதற்குப் புத்தி மாறி, வழக்கமாகத் தொடாத புரதங்களுக்கெல்லாம் குறி போடுகிறது. கருவில் கை கால் வளரத் தேவையான ஒரு புரதம் அதனால் அழிகிறது. மைலோமா செல்லில் அதே மருந்து, அந்தச் செல் உயிர்வாழ நம்பியிருக்கும் இகாரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களை அழிக்கிறது. அம்மாவுக்கு நல்லது, தங்கைக்கு ஆபத்து, இரண்டும் ஒரே வேலையால்.

ஊசி இதற்கு நேர் எதிர்ப்பக்கம். போர்டிசோமிப்பில் போரான் அணு ஒன்று இருக்கிறது, அது புரோட்டியாசோமின் உள்ளே கத்தி இருக்கும் இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். உடைக்கும் வேலை தடைபடும். எல்லாச் செல்லும்தானே பாதிக்கும் என்று கேட்பீர்கள். மைலோமா செல் என்பது ஆன்டிபாடி செய்யும் செல் கெட்டுப்போனது. ஓயாமல் புரதம் செய்து குவிக்கும், அதில் மடிப்பு சரியாக வராதவையும் ஏராளம். குப்பை வண்டி ஒரு நாள் வராவிட்டால் நம் வீட்டில் சமாளிப்போம், கல்யாண மண்டபத்தில் முடியாது. அந்தச் செல் தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகிறது. அமெரிக்காவில் 2003இல் அனுமதி கிடைத்த மருந்து. தொடக்கத்தில் ஆல்ஃப்ரெட் கோல்ட்பெர்க் இந்த வகை மருந்தைத் தேடியது, நோயில் தசை கரைவதை நிறுத்துவதற்காக. முயல் ரத்தத்தில் ஏடிபி செலவைக் காட்டிய அதே கோல்ட்பெர்க்தான்.

என் அக்காவுக்கும் இதே நோய், இதே ஊசி. நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தார், பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தார். பாதம் மரத்துப்போவதை மட்டும் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து வந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அந்த ஊசி நரம்பைத் தொடும். முதலிலேயே சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார், இடைவெளி விடுவார், பெரும்பாலும் மரப்பு குறையும். அதனால் வாரா வாரம் ஊசிக்குப் போவதற்கு முன்னால் அம்மாவின் உள்ளங்காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். அக்கி வராமல் இருக்கத் தரும் மாத்திரையை விடாதீர்கள். கிரீன் டீ, கிரீன் டீ கேப்ஸ்யூல் இரண்டும் வேண்டாம், அதில் உள்ள ஒரு பொருள் போரானைப் பிடித்து மருந்தை வேலை செய்யவிடாமல் தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். வைட்டமின் சி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.